மெஷின் வாங்கியாச்சு பேராண்டி, காகிதம் எங்கே?

வாடா பேராண்டி! காதுல ஹெட்போனு, கையில மெட்டல் டிடெக்டரு... கண்ணிவெடி எடுக்க வந்த பட்டாளத்துக்காரன்னு நெனைச்சு கோழியெல்லாம் கூரை ஏறிருச்சு. புதையல் எங்க இருக்குன்னு தாத்தாகிட்டக் கேக்குற. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏன்டா நூறு நாள் வேலைக்குப் போயிக்கிட்டிருக்கேன்?

மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு உன் மெஷின் கத்தும். மண்ணு யாருதுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு வி.ஏ.ஓ. இருக்காரு, மொதல்ல போயி பட்டாவைப் பாரு.

பட்டாக்காரரு வெத்தலைய மென்னுக்கிட்டே தலையாட்டுனா அது அனுமதி இல்ல; எச்சியைத் துப்ப எடம் தேடியிருப்பாரு. எழுதி வாங்கு. கூட்டுப் பட்டான்னா பங்காளிக அத்தனை பேர் கையெழுத்தும் வேணும். வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாத அண்ணந்தம்பிகள ஒரே தாள்ல நீ சேத்து வச்சிட்டா, புதையலே வேணாம், ஊரே உனக்கு மாலை போடும். குத்தகைக்காரரையும் கேளு. மண்ணு அவுகளோடது, கடலை இவரோடது.

"பொறம்போக்குல யாரைக் கேக்கணும்?"ங்கிற. அங்கதான்டா சொந்தக்காரன் அதிகம்! ஆறு, பெரிய கண்மாயின்னா நீர்வளத் துறை, காடுன்னா வனத்துறை, கோயில் நெலம்னா அறநிலையத் துறை. ஊராட்சித் தலைவர் தோள்ல தட்டுனது எங்கயும் செல்லாது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னத்துக்கு 100 மீட்டருக்குள்ள புதுசா ஒரு வீடு கட்டவே விடமாட்டாக. உன்னையத் தோண்ட விட்டுருவாகளா? கீழடியில அரசாங்கமே தோப்புக்காரகிட்டச் சம்மதம் வாங்கித்தான் குழி போட்டுச்சு. நீ அரசாங்கத்துக்கும் பெரிய ஆளுன்னா, போ, தாராளமாத் தோண்டு.

சரி, கெடச்சிருச்சுன்னு வையி. வெள்ளைக்காரன் 1878-லயே புதையல் சட்டம் போட்டுட்டுத்தான் போயிருக்கான். கெடச்சது 10 ரூபாய்க்கு மேல பெறுமுன்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும்: என்ன, எம்புட்டு, எங்க, என்னைக்கு. இன்னைக்கு டீ குடிக்கப் பத்து ரூபா பத்தல, ஆனா சட்டத்துல அதே பத்துதான். சொல்லாம முந்தியில முடிஞ்சா ஒரு வருசம் வரைக்கும் உள்ள இருக்கலாம். கூட்டுச் சேந்த நெலத்துக்காரருக்கு ஆறு மாசம். அங்கயும் உனக்குத்தான் பங்கு கூட!

கலெக்டர் விசாரிச்சு, உரிமை கேக்க ஆளில்லாத பொருள்னு முடிவு பண்ணுனா, கண்டெடுத்தவனுக்கு முக்கால், நெலத்துக்காரருக்குக் கால். வேற ஒப்பந்தம் இருந்தா அதும்படி. அரசாங்கம் தனக்கு வேணும்னு எடுத்துக்கிட்டா, அந்த உலோகத்தோட வெலையும், அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் தரும். 2020 பிப்ரவரியில திருவானைக்காவல் கோயில்ல வேலை பாத்தவுக தோண்டுனப்ப ஒரே பாத்திரத்துல 505 தங்கக்காசு. மெஷினும் இல்ல, ஹெட்போனும் இல்ல. அதிகாரிககிட்ட ஒப்படைச்சுட்டு ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பாக.

மெஷினை என்ன பண்றதுன்னு மொகத்தைத் தொங்கப் போடாத. இங்கிலாந்துல சஃபோக் பக்கம் ஹாக்ஸன்னு ஒரு ஊரு. 1992-ல ஒரு விவசாயி வயல்ல சுத்தியலத் தொலைச்சுட்டு, டிடெக்டர் வச்சிருந்த கூட்டாளியக் கூப்பிட்டாரு. தேடப் போன எடத்துல ரோமானியக் காசு 15,000-க்குப் பக்கம். அந்தக் கூட்டாளி முழுசாத் தோண்டாம நிறுத்தித் தகவல் சொன்னாரு. ஆராய்ச்சிக்காரக வந்து பதமா எடுத்தாக. 17.5 லட்சம் பவுண்டு பரிசு வந்துச்சு, அதையும் விவசாயியோட பங்கு போட்டுக்கிட்டாரு.

நீயும் அப்பிடி ஆரம்பி. எவன் வயல்ல கொழு தொலைஞ்சது, எவ வீட்டு மூக்குத்தி சாணிக்குழியில விழுந்ததுன்னு கேட்டுக்கிட்டுப் போ. கூப்பிட்டுக் காப்பித்தண்ணி குடுத்துத் தேடச் சொல்லுவாக. அந்தச் சுத்தியலும் கெடச்சுச்சுடா. இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. உன் கடப்பாரை மியூசியத்துக்குப் போகணுமா, சாட்சிப் பொருளாக் கோர்ட்டுக்குப் போகணுமான்னு நீயே முடிவு பண்ணிக்க.