தொளிக்கும் தெருவுக்கும் ஒரே செருப்பு: தேர்வு நெறிகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி முன்னுரை

பூதப்பாண்டி வட்டாரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு இருவகை நிலங்களில் உழைக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, தொளி அடித்த, அதாவது உழுது சேறாக்கிய, வயலும் அதை ஒட்டிய வரப்பும். இரண்டாவது, தாலுகா ஆபீஸ், பூதலிங்கசுவாமி கோயில் தெரு, கல்யாண வீடு ஆகியவை அடங்கிய உலர்நிலம். இவ்வூர் அடங்கிய நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் இரு பூ விளைவதாலும், தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்வதாலும் சேற்றுக்குப் பஞ்சமில்லை. இரண்டு நிலத்துக்கும் ஒரே ஜோடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே ஆய்வுப்பொருள். இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள் ஆய்வின் அடிப்படையையே தகர்ப்பவர்கள். அத்தகையோருக்கு மறுமொழி கூறும் வழக்கம் எந்தத் துறையிலும் இல்லை.

முன்னோர் கருத்துகளை முதலில் தொகுக்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இடையனின் காலில் செருப்புத் தழும்பைக் காண்கிறார். வாரின் அகலத்தைச் சொல்லாமல் விட்டார். கண்ணப்பரின் செருப்பு மலைச்செருப்பு. பரதன் கொண்டுபோன பாதுகை பதினான்கு ஆண்டும் தரையில் படாததால் சான்றாகாது. புறநானூற்றுப் பூதப்பாண்டியன் செருப்பு அணிந்தானா என்ற கேள்வி எஞ்சுகிறது. அவனுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவைப் பேசி முடித்த பிறகுதான் அறிஞர்கள் காலுக்கு வருவார்கள், காத்திருக்கலாம்.

பனிநாட்டாருக்கும் இதே சிக்கல் உண்டு. புதிதாய் விழுந்த ஆழ்பனியில் சறுக்கும் பலகை அகலமாக, முனை மேல்நோக்கி வளைந்து இருக்க வேண்டும், அப்போதுதான் மிதக்கும். தண்டவாளமும் மேடையும் போட்டு வித்தை காட்டும் திடலுக்கோ ஒடுக்கமான, சட்டென்று திரும்பும், இரு முனையும் வளைந்த பலகை வேண்டும். இரண்டும் வேண்டுமென்பவர் காலடியில் சுமார் 100 மில்லிமீட்டர் அகலத்தில் சமரசம் செய்துகொள்கிறார். குல்மார்க்கில் செல்லுபடியாகும் இந்த விதி பூதப்பாண்டியில் தலைகீழாகிறது. பனியில் அகலம் மிதக்க வைக்கும். தொளியில் அகலம் மாட்டிவிடும். களிமண் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்ள, தூக்கும்போது அடியில் காற்று புக வழியில்லாமல் சேறு செருப்பை உறிஞ்சிப் பிடிக்கிறது. கால் மட்டும் வெளியே வருகிறது.

இனி வகைகள். தோல்செருப்பு: நனைந்தால் போச்சு. பிளாஸ்டிக் ஷூ: தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. ரப்பர்ச் செருப்பே ஆய்வுக்குரியது. பெயரில் ஹவாய் இருந்தாலும் வடிவம் ஜப்பானியரின் வைக்கோல் செருப்பிலிருந்து வந்தது. 1962 முதல் பிரேசிலில் செய்யப்படும் ஒரு புகழ்பெற்ற வகையில், அந்த வைக்கோலின் நினைவாக மேல்பரப்பில் நெல்மணி போன்ற புடைப்புகள் உண்டு. நெல் விளையும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது என்பதால் இதன் மேல் மேலும் கேள்வி கேட்கப்படவில்லை.

ரப்பர்ச் செருப்பின் தலையாய பண்பு தெறிப்பு. குதிகால் எழும்போது செருப்பின் பின்பகுதி உடனே எழுவதில்லை. வார் முன்னே மட்டும்தான் பிடித்திருக்கிறது. ஒரு கணம் தாமதித்து, நிமிர்ந்து, குதிகாலில் ‘டப்’ என்று அறையும். அந்த அறையில் அடியில் ஒட்டிய சேற்றுநீர் மேலே கிளம்பி வேட்டியின் பின்புறத்தில் போய் அமரும். இதில் இரு கட்சி உண்டு. வேட்டியை மடித்துக் கட்டினால் கறை கெண்டைக்காலோடு நின்றுவிடும் என்பது முதல் கட்சி (டீக்கடை மரபு, மூன்றாம் பெஞ்சு). எதிரே பெரியவர் யாராவது வந்தால் மடிப்பை அவிழ்த்துவிட வேண்டியிருப்பதால், கெண்டைக்காலின் சேறு வேட்டியின் உட்புறத்தில் அச்சாகப் பதிந்து வெளியே ஊறும், ஆகவே முதல் கட்சி பிழை என்பது இரண்டாம் கட்சி (டீக்கடை மரபு, மழைக்காலப் பாடம், மூன்றாம் பெஞ்சு, ஆடும் காலுக்குத் தெற்கே, இரண்டாம் சாயாவுக்குப் பின், பஸ் வந்துவிட்டதால் முற்றுப்பெறாதது, ஒப்புநோக்குக: அதே பெஞ்சு, மறுநாள், அதே ஆள், நேர்மாறான கருத்து). இரண்டாம் கட்சி குறிப்பிடும் கறைக்கு ‘மரியாதைக் கறை’ என்று பெயரிடலாம். நேர்க்கறையில் புள்ளிகள் தனித்தனி. மரியாதைக் கறையில் விளிம்பு மங்கலாக, ஓரிரு மயிர்க்கோடுகளோடு இருக்கும். கறையின் உயரம் நடையின் வேகத்தையும், கறையின் அடர்த்தி எதிர்ப்பட்ட பெரியவர்களின் எண்ணிக்கையையும் காட்டும். கறை சுமப்பவரால் அதைப் பார்க்க முடியாது, பின்னால் வருபவரே பார்ப்பார் என்பது இத்துறையின் இடர்ப்பாடு. ஆய்வுலகில் இது புதிய நிலையன்று.

வார் உருவிக்கொண்டால் அடியில் ஊக்குக் குத்தலாம். இது தனி நூலுக்குரியது.

களநிலையில் தெரியவரும் ஒன்றையும் விடுவதற்கில்லை. வயலில் இறங்குபவர் செருப்பை வரப்பில் கழற்றிப்போடுகிறார், அல்லது வார்களில் இரண்டு விரலை மாட்டிக் கையில் எடுத்துக்கொள்கிறார். கோயிலுக்குப் போகிறவரும் வாசலில் கழற்றுகிறார். ஆகவே தேர்வின்போது பாதத்தின் அளவோடு விரலிடுக்கின் அளவையும் பார்ப்பது முறை. எடை குறைவாக இருக்க வேண்டும். கழுவினால் சட்டென்று உலர வேண்டும். நிறம், வாசலில் கிடக்கும் குவியலில் உடையவருக்குத் தெரியும்படியும் பிறர் கண்ணில் படாதபடியும் அமைய வேண்டும். இந்த இரண்டும் ஒருங்கே அமைந்த நிறம் தேய்ந்த நீலம் மட்டுமே. அதைக் கடையில் வாங்க முடியாது, தேய்த்துத்தான் பெற வேண்டும்.

வலதும் இடதும் ஒரே ஜோடியைச் சேர்ந்தவையாக இருப்பது விரும்பத்தக்கது. கல்யாண வீட்டிலிருந்து திரும்புபவருக்கு இவ்விதி பொருந்தாது.