சந்தனம் பூசிய தீயணைப்பான்

நம் பள்ளிகள் பலவற்றில் தீயணைப்பானுக்கு இருக்கும் மரியாதை தனி. தலைமையாசிரியர் அறைச் சுவரில், அவசரத்துக்கு யார் கையும் எட்டாத உயரத்தில் வீற்றிருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் தவறாது. அழுத்தமானியின் முள் பச்சையை விட்டுச் சிவப்புக்கு இறங்கியதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மணல் வாளியில் மணலைவிட மிட்டாய்த் தாள் அதிகம். ‘அவசர வழி’ என்று எழுதிய கதவை உடைந்த பெஞ்சுகள் காவல் காக்கும்; கதவில் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். ஆய்வு நாளன்று மட்டும் பெஞ்சுகள் மொட்டைமாடிக்குப் போய்வரும். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளக்கும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரைக்குத் தடை வந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் பள்ளிதோறும் தீயணைப்புக் கருவி வேண்டும் என்றது. கருவி வந்துவிட்டது, அதன் பின்னைப் பிடுங்கத் தெரிந்த ஆள்தான் பல இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கணக்கில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.