‘நான் அப்பவே சொன்னேனே’: ஒரு காலநிர்ணய ஆய்வு

கழற்றிவிடப்பட்ட கிரிக்கெட் வீரர் வேறிடத்தில் போய் வெளுத்துக்கட்டியதும் தென்சென்னையில் எழும் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்ற கூற்று இதுவரை முறையாகப் பதிப்பிக்கப்படவில்லை. அக்குறையை இக்கட்டுரை ஓரளவு நீக்கும். முழுவதும் நீக்கிவிட்டால் அடுத்த கட்டுரைக்கு வழியில்லை.

முதலில் வரலாற்றுப் பின்புலம். 15-11-2022 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் எட்டுப் பேரை விடுவித்தது. பிராவோ, உத்தப்பா போன்ற பெரிய பெயர்களுக்கு நடுவே நாராயண் ஜெகதீசனும் இருந்தார். கோவைக்காரர், விலை 20 லட்சம், தோனி விக்கெட் கீப்பராக நிற்கும் அணியில் இன்னொரு விக்கெட் கீப்பர். மஞ்சள் சட்டையில் அவருக்குக் கிடைத்தது ஏழு ஆட்டம், எடுத்தது 73 ரன். அன்று யாரும் உண்ணாவிரதம் இருந்ததாகச் செய்தி இல்லை. ஆறு நாள் கழித்துப் பெங்களூரில், விஜய் ஹசாரே கோப்பையில், அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தார். தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506. லிஸ்ட் ஏ ஆட்டங்களில் சர்ரேயின் அலிஸ்டர் பிரவுன் 2002இல் எடுத்த 268தான் அதுவரை உச்சம், அதுவும் போயிற்று.

கூற்று பிறந்தது அன்று மாலை.

இதை ஆளும் பள்ளிகள் மூன்று. தி.நகர்ப் பள்ளியின் கொள்கை: ‘எல்லாம் பாலிடிக்ஸ் சார்.’ அடையாறுப் பள்ளி எக்செல் கோப்பில் இயங்குகிறது. அதைத் திறந்து பார்த்தவர் இல்லை. மயிலாப்பூர்ப் பள்ளிதான் விரிவாக ஆராயத்தக்கது.

அதன் மூலபாடம் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் வாய்மொழியாக வழங்குகிறது. முதற்சான்று: ‘அவனை வெச்சுண்டு என்ன பண்றது, தோனி இருக்கறச்சே?’ (ஒரு மாமா, பூங்கா, வேப்பமரத்தடி பெஞ்சு, 16-11-2022, காலை நடைக்குப் பின்.) இரண்டாம் சான்று: ‘அவனை விட்டிருக்கப்படாது. நான் அப்பவே சொன்னேனே!’ (அதே பெஞ்சு, அதே மாமா, 22-11-2022, திருத்திய பதிப்பு, முதற்பதிப்பு தற்போது கிடைப்பதில்லை.) மூன்றாம் சான்று: ‘இவர் அன்னிக்கே தலை தலையா அடிச்சுண்டார்.’ (மேற்படி மாமாவின் கூற்று, மாமி வழி, கச்சேரி ரோடு காய்கறிக் கடை, கொத்தமல்லி பேரத்துக்கு இடையே, கடைக்காரர் ‘ஆமாம்மா’ என்று உரை எழுதியுள்ளார், அந்த ‘ஆமாம்மா’ விலைக்கா வீரருக்கா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர்.)

இந்த ‘அப்பவே’ எந்தத் தேதி? கீழெல்லை தெளிவு: 277ஆவது ரன். மேலெல்லைதான் சிக்கல். பழமை கூடக்கூடப் பெருமையும் கூடுவதால் அது ஆண்டுக்கு ஆண்டு பின்னோக்கி நகர்கிறது. அண்மைக் கணக்குப்படி ஜெகதீசன் சென்னை அணியில் சேர்வதற்கு முன்பே மாமா இதைச் சொல்லிவிட்டார். இம்முறையை நூல்களுக்குக் காலம் குறிக்கும் நம் பேராசிரியர்களிடம் மாமா கற்றாரா, அவர்கள் மாமாவிடம் கற்றார்களா என்பது முடிவாகவில்லை. முதற்சான்றை எடுத்துக் காட்டியபோது, அது இடைச்செருகல் என்றார். அவருக்கு முனைவர் பட்டம் தரத் தடையில்லை.

வெளிநாட்டுச் சான்றுகள் மெலிந்தவை. 1975இல் பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்கர்களுக்கும் நடந்த போரைச் சிலரிடம் விவரித்து, குழுவுக்கு ஒரு முடிவாகச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ அதற்கே முதலிலிருந்து வாய்ப்பு அதிகம் என்றன குழுக்கள். பூங்காவில் இதைத் தினமும் செலவின்றி நிறுவுகிறார்கள். அமெரிக்க பேஸ்பாலில் மின்னசோட்டா அணி 2002 டிசம்பரில் டேவிட் ஓர்ட்டிஸை விடுவித்தது. அவரைச் சேர்த்துக்கொண்ட பாஸ்டன் 2004இல், 86 ஆண்டுக்குப் பிறகு, கோப்பையை வென்றது. மின்னசோட்டாவில் பெஞ்சு உண்டா என்பது கள ஆய்வுக்கு உரியது, பயணப்படி எதிர்பார்க்கப்படுகிறது.

மயிலாப்பூர்ப் பள்ளிக்குச் சாதகமான வழக்கும் உண்டு. சாய் கிஷோர் சென்னை அணியில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தே இருந்தார், ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. 2022இல் குஜராத் 3 கோடிக்கு எடுத்தது. அவ்வாண்டு அது கோப்பை வென்ற இறுதிப் போட்டியில் அவருக்கு இரண்டு விக்கெட். ஆனால் இவரைப் பற்றி மாமா எதுவும் ‘அப்பவே’ சொல்லவில்லை. பெயர் நினைவில் இல்லையாம்.

ஜெகதீசன் கதைக்கு வருவோம். கொல்கத்தா 90 லட்சம் கொடுத்தது. 2023இல் ஆறு ஆட்டம், 89 ரன், அவர்களும் கழற்றிவிட்டார்கள். அதே ஆண்டு சென்னை ஐந்தாவது கோப்பையை வென்றது. உடனே மூன்றாம் பதிப்பு: ‘தோனிக்குத் தெரியாதா எதை விடணும்னு? நான் அப்பவே சொன்னேனே!’ (அதே மாமா, 30-05-2023, தூங்காத கண்களுடன்.) 2025 ஜூலையில் விக்கெட் கீப்பர் பந்த் காயமடைய, இங்கிலாந்தில் இருந்த இந்திய டெஸ்ட் அணிக்கு ஜெகதீசன் அழைக்கப்பட்டார். நான்காம் பதிப்பு அச்சில்.

இக்கட்டுரையாளரின் கருத்து: 73 ரன்னையும் தோனியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அன்றைய முடிவில் பிழையில்லை. 277ஐ முன்கூட்டி ஊகிப்பது அணி நிர்வாகத்தின் வேலையல்ல, ஜோசியர் வேலை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஜெகதீசனை விடாதே’ என்று 15-11-2022க்கு முன் தேதியிட்டு எழுதிய காகிதம் யாரிடமாவது இருந்தால் தந்து உதவுங்கள். பால் கணக்கு நோட்டும் ஏற்கப்படும். மாமாவின் சாட்சிக் கையெழுத்து ஏற்கப்படாது.