நெடுந்தீவில் இல்லாத இரு தேனீக்கள்: ஓர் ஒப்பாய்வு

பம்பிள் தேனீ எனப்படுவது, உடலெங்கும் மயிரடர்ந்து, பெரும்பாலும் குளிர்நாடுகளில் குடிகொண்டு, இலங்கையில் இயற்கையாக எங்கும் காணப்படாத தேனீ வகையாகும். ஆகவே அவ்வகையைச் சேர்ந்த பொம்பஸ் டெரஸ்ட்ரிஸ், பொம்பஸ் லூக்கோரம் என்னும் ஈரினங்களையும் ஒப்பிட யாழ்ப்பாணத் தீவகத்து நெடுந்தீவே தக்க களமாகும். சான்று குறுக்கிடாத இடத்திலன்றோ முடிவு உறுதிபெறும்.

கொட்டுதலைப் பொறுத்தவரை, இரண்டிலும் பெண் கொட்டும், ஆண் கொட்டாது.

வரலாறோ விரிவானது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஊர்காவற்றுறைத் தீவை லெய்டன் எனவும் நயினாதீவை ஹார்லெம் எனவும் நெடுந்தீவை டெல்ப்ட் எனவும் தம் நகர்ப்பெயர்களால் வழங்கினர். அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1758இல், உயிரின வகைப்பாட்டறிஞர் லின்னேயஸ் டெரஸ்ட்ரிஸுக்குப் பெயரிட்டார். லூக்கோரம் 1761 வரை பிந்தியமைக்குச் சோளகக் காற்றே காரணம் என்ப. அவருடைய 'சிஸ்டெமா நேச்சுரே' 1735இல் லெய்டனில் வெளிவந்தது, லெய்டனாவது ஊர்காவற்றுறை, எனவே அந்நூல் ஊர்காவற்றுறையிலேயே அச்சேறியது என்பது பெறப்படும் (இறங்குதுறைத் தேத்தண்ணிக்கடை வாய்மொழி மரபு, கிழக்கு வாங்கு, இரண்டாம் பிளேன்ரீக்குப் பிற்பட்ட பாடம், மேற்கு வாங்கின் பாடபேதமும், கடன் கொப்பியின் ஓரத்தில் கடைக்காரர் எழுதிய மறுப்பும் ஒப்புநோக்கத் தக்கன). ஒல்லாந்திலும் ஒரு லெய்டன் உண்டென்பார் கூற்று, பெயரொற்றுமை ஒன்றையே பிடித்துக்கொண்டு மன்னர்களின் தலைநகரங்களைக் கண்டெடுக்கும் அறிஞர் மலிந்த நாட்டில் எடுபடாது.

இனி உருவம். இவற்றின் வேலைக்காரத் தேனீக்களைக் கண்ணால் பிரித்தறிவது வல்லுநர்க்கும் அரிதாகையால் மரபணுச் சோதனை வேண்டப்படும். நெடுந்தீவில் அச்செலவு மிச்சம். இரண்டும் பெரும்பாலும் நிலத்தடியில், கைவிடப்பட்ட எலிவளை போன்றவற்றில் கூடமைப்பனவாதலின், சுண்ணக்கல் நிலமான இத்தீவில் டெரஸ்ட்ரிஸின் இன்மை லூக்கோரத்தின் இன்மையினும் ஒரு சாண் ஆழமானது என ஒரு சாரார் வாதிப்பர். அளந்தவர் இலர், மறுத்தவரும் இலர்.

தீவகத்து எருக்கலம் பூக்களைச் சுற்றி முரலும் பெரிய கருவண்டு எதுவெனின், அது தச்சுவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் தேனீ. பட்டுப்போன பூவரசங் கதியாலில் விரல் பருமனுக்கு வட்டத் துளையிட்டு, மரத்தூளை வெளியே கொட்டி, உள்ளே மகரந்த உருண்டைக்கு ஒரு முட்டையாக வைத்து, மென்ற தூளால் அறைகளுக்குத் தட்டி அடைக்கும். எனினும் கண்முன்னே இருப்பதால் அது இவ்வாய்வின் வரம்புக்குள் வராது. கதியாலுக்குடையவரும், துளை தம் பக்கத்திலா அயல்வீட்டார் பக்கத்திலா என்பதன்றி வேறெந்த வகைப்பாட்டையும் ஏற்கிலர்.