செக் பண்ணாத செக்

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "சினிமா லைன்ல இருக்கேன்" என்பேன். பிராகில் ஆவணப்படம் எடுப்பவர்களின் எடிட்டிங் அறையில் உதவியாளன் என்பதுதான் நிஜம். பேட்டிகளில் செக் மொழியில் பேசியதையெல்லாம் எழுத்தாக்கி, யார் எந்த இடத்தில் என்ன சொன்னார் என்று எடிட்டர் தேடிக்கொள்ளும்படி கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகள் தட்டச்சு செய்த வேலை. இப்போது விஸ்பர் என்ற மென்பொருள் செய்கிறது. கோப்பைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவது என் பங்கு. அதையும் சொதப்பலாம்.

கேமராமேன் கொடுப்பது செல்போனில் எடுக்கிற மாதிரி எம்பி4 இல்லை, எம்எக்ஸ்எஃப். படம், ஒலி, டைம்கோடு மூன்றையும் சேர்த்துக் கட்டிய பார்சல். எக்ஸ்டிகேம் எச்டி422 என்றால் படம் மட்டும் நொடிக்கு 50 மெகாபிட், ஒலிக்கு எட்டு சேனல் வரை, ஒவ்வொன்றும் தனித்தனி மோனோ. விஸ்பர் தானாக எட்டையும் கேட்பதில்லை. ஒலியைப் பிரித்துத் தரும் எஃப்எஃப்எம்பெக், நாம் எதுவும் சொல்லாவிட்டால், முதல் சேனலை எடுத்து நீட்டிவிடும். எங்கள் கோப்பில் முதல் சேனல் கேமரா மேலே இருந்த மைக். பேட்டி கொடுத்த பாட்டியின் காலரில் குத்திய மைக் இரண்டாவதில். ஆகவே பாட்டியின் இளமைக்காலம் அங்கங்கே துண்டு துண்டாகவும், கேமராவுக்குப் பின்னால் நின்ற இருவர் மதியச் சாப்பாட்டை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று கிசுகிசுத்தது தெளிவாகவும் எழுத்தில் வந்தன. நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது, "செக் மொழிக்கு இந்த மென்பொருள் லாயக்கில்லை" என்று இயக்குநருக்கு மின்னஞ்சல். சவுண்ட் இன்ஜினியர் வந்து, "இரண்டாவதைக் கேட்டீர்களா?" என்றார். அடுத்த முறை வம்பே வேண்டாம் என்று எட்டையும் கலந்து கொடுத்தேன். காலர் மைக்கும் தூரத்து மைக்கும் நொடியின் ஒரு துளி முன்பின்னாகச் சேர்ந்ததில் பாட்டி கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்.

மொழியைக் குறிப்பிடாமல் விட்டால் விஸ்பர் முதல் 30 நொடியைக் கேட்டு இன்ன மொழி என்று முடிவு கட்டிவிடும். அந்தக் கோப்பின் முதல் 30 நொடியில் வெளிநாட்டுக் கேமராமேனுக்கும் இயக்குநருக்கும் லைட் பற்றி ஆங்கிலத்தில் வாக்குவாதம். பிறகு பாட்டி பேசிய செக் முழுவதும் ஆங்கிலமாக வந்து விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "போனஸாக மொழிபெயர்ப்பும்" என்று எழுதி அனுப்பினேன். எடிட்டர் செக் நாட்டுப் பெண்மணி. பாட்டியின் பேச்சை எங்கே வெட்டுவது என்று ஆங்கிலத்தை வைத்து அவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது பதில் வந்த பிறகே உறைத்தது.

டைம்கோடு கதையைச் சுருக்கிவிடுகிறேன். சப்டைட்டில் கோப்பு பூஜ்யத்திலிருந்து மில்லி செகண்டில் எண்ணுகிறது. கேமரா, பகல் மணியை நொடிக்கு 25 ஃப்ரேமாக எண்ணுகிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்தவனின் ஒரு நாள் உழைப்பு வீண். எழுத்துருக் கூத்தும் நடந்தது. மத்திய ஐரோப்பிய விண்டோஸ்-1250 கோப்பைத் தவறாகத் திறந்து, செக்காரர்கள் உயிராக நினைக்கும் கொக்கி போட்ட 'ர்' எல்லாம் டேனிஷ்காரர்களின் கோடு போட்ட 'ஓ'வாக மாறியிருப்பதைக் கவனிக்காமல் அச்சிட்டேன். பாமினியில் அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்து தலையில் கை வைத்த தலைமுறை நான். எனக்கு மன்னிப்பே கிடையாது.

பேட்டி முடிந்ததும் அறையின் மௌனத்தைத் தனியாகப் பதிவு செய்வார்கள். வெட்டிய இடங்களை ஒட்ட உதவும். மௌனம் விஸ்பருக்கு ஆகாது. இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியில் பாடம் படித்த பிள்ளை அது. யாரோ போட்ட சப்டைட்டில்களின் கடைசி வரியும் மனப்பாடம். எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்ற அந்த நேரத்தில், "சப்டைட்டில் உருவாக்கியவர் இன்னார்" என்று செக்கில் எழுதி ஒரு பெயரையும் போட்டது. பாட்டி யாரையோ நினைவுகூர்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அந்த இன்னாரிடம் அனுமதிக் கையெழுத்து வாங்கும்படி தயாரிப்பு அலுவலகத்துக்கு எழுதினேன். பாவம், அவர்கள் தேடியும் பார்த்திருக்கிறார்கள்.

பேச்சை எழுத்தாக்கப் புள்ளியியல் வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவரான ஃபிரெடெரிக் ஜெலினெக், பிராகுக்குப் பக்கத்திலுள்ள கிளாட்னோவில் 1932இல் பிறந்தவர். இதை எடிட்டரிடம் பெருமையாக எடுத்துச் சொன்னேன். அவருக்குச் சொந்த ஊரே கிளாட்னோ.

பெரிய சொதப்பல் மொழியில்தான். பிராக் தெருவில் ஜன்னலை 'வொக்னோ' என்பார்கள், புத்தகத்தில் 'ஒக்னோ'. பாட்டி சொன்ன 'வொக்னோ'வைப் பல இடங்களில் விஸ்பர் 'ஒக்னோ' ஆக்கியிருந்தது. தப்பிப் பிழைத்திருந்தவற்றை மாலை வகுப்பில் இலக்கணச் செக் படித்த நான் 'திருத்தினேன்'. "இந்த அம்மா செய்தியா வாசிக்கிறார்?" என்று கேட்டார் எடிட்டர். 'வந்துட்டேங்க' என்று பேசி 'வந்துவிட்டேன்' என்று எழுதி வளர்ந்தவனுக்கு இதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிட மோசம், பாட்டி பேச்சுக்குப் பேச்சு போட்ட 'நோ', 'ப்ரொஸ்த்யே' போன்ற ஒட்டுச் சொற்களை விஸ்பர் விழுங்கியிருந்தது. பக்கம் சுத்தமாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். எடிட்டர் காகிதத்தைப் பார்த்து வெட்டிய இடத்திலெல்லாம் ஒரு பாதி 'நோ' தொங்கியது.

ஹோலோகாஸ்டில் பிழைத்தவர்களின் வீடியோ சாட்சியங்களுக்காக 2001இல் தொடங்கிய மாலாக் திட்டத்தில் பிராக், பில்சன் ஆய்வாளர்களுக்கும் முதியவர்களின் இந்தப் பேச்சுவழக்கு தலைவலியாக இருந்திருக்கிறது. படித்ததும் கொஞ்சம் ஆறுதல். அவர்கள் ஆராய்ச்சியாளர்கள், நான் டீ குடிக்கப் போனவன் என்ற வித்தியாசத்தை மறந்துவிட்டேன்.

அடுத்த பேட்டியில் ரோஷம் வந்து, 'ஒ'வில் தொடங்கிய சொல்லுக்கெல்லாம் முன்னால் ஒரு 'வ' சேர்த்துக் கொடுத்தேன். பேசியவர் ஒஸ்த்ராவாக்காரர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்தில் நெடிலைக்கூடக் குறிலாக்கித்தான் பேசுவார்கள். பிராக்காரர்களின் அந்த 'வ' அவர்கள் வாயில் வராது. "இவரைப் பிராக்காரர் ஆக்கிவிட்டீர்களே, தெரிந்தால் கேஸ் போடுவார்" என்றார் எடிட்டர். ஒலியைப் போட்டுக் கேட்டோம். மனிதர் 'ஒக்னோ' என்றுதான் சொல்லியிருந்தார். விஸ்பரும் அப்படியேதான் எழுதியிருந்தது.