கார்ப்பதிவியல்: கூமாப்பட்டியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், வெளிநாட்டுக் காரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, அதற்கு நம்மூர் நம்பர் பிளேட் மாட்டும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. நம்மூர் என்றது ஈண்டுக் கூமாப்பட்டியை. தேசிய நெடுஞ்சாலை 744-இல் வருவோர் கிருஷ்ணன்கோவிலில் பிரிந்து, வத்திராயிருப்பைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலை வழிமறிக்கும் இடம்வரை போனால் அவ்வூர் கிட்டும். 2025 ஜூனில் ஒரு ரீல்ஸ் அதைத் தனித்தீவு என்று நாடறியச் சொல்லிவிட்டது. தீவென்றால் கப்பல் வரவேண்டும். கப்பல் வந்தால் கார் இறங்கவேண்டும். இறங்கினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகவேண்டும். ஆகவே இவ்வாராய்ச்சி. ரீல்ஸை நம்பி வந்தவர்கள் பிளவக்கல் அணையில் தண்ணீர் தேடிய வரலாறு வேறு ஆய்வாளர்க்கு உரியது.

கருதுகோள் டீக்கடையில் பிறந்தது. பெரியவர் ஒருவர், விடுப்பில் வந்திருந்த வளைகுடா இளைஞரிடம் கேட்டார்: “ஏன் மாப்ள, துபாய்ல லேண்ட் குரூசரு நம்ம விலையில பாதிகூட இல்லையாமே. ஒண்ணைக் கப்பல்ல போட்டுவிட்டா என்ன?” இளைஞர் வடையைப் பிய்த்தபடி, “போடலாம் பெரியப்பா” என்றார். இந்தப் ‘போடலாம்’ என்ற சொல்லை நம்பிக் கெட்ட குடும்பங்கள் பல. அதனால் நாடு நாடாக எடுத்து ஆராய்வோம்.

முதலில் துபாய். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். நம் இறக்குமதி விதியோ ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கவேண்டும், ஹெட்லைட்டின் ஒளி இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கு ஏற்ப விழவேண்டும் என்கிறது. துபாய் வீழ்ந்தது. வளைகுடா முழுதும் அதனோடு வீழ்ந்தது.

அஃதேல், சிங்கப்பூர்? அங்கே வலப்பக்க ஸ்டீயரிங்தான். மேலும், கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டு 10 ஆண்டுக்கே கிடைக்கும். அது முடிந்ததும் மறுபடி பெருந்தொகை கட்டவேண்டும், அல்லது காரைக் கழித்துவிட வேண்டும். “புதுசு மாதிரி இருக்குமாம், தூக்கிப் போடுறாங்களாம்” என்று ஏங்குவோர் நம் வட்டாரத்தில் மிகுதி. ஆனால் பழைய கார் எனில், தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது விதி. சிங்கப்பூரார் தூக்கிப் போடும் வயதில் நம் சுங்கத்துறை அதைத் தொட்டும் பார்க்காது.

அஃதேல், லண்டன்? ஸ்டீயரிங் சரி, வயதும் சரி என்றே கொள்வோம். ஸ்பீடோமீட்டர் மைல் காட்டும். விதி கிலோமீட்டர் கேட்கிறது. கூமாப்பட்டித் தெருவில் எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வர, ஓரத்தில் ராஜபாளையம் நாய் ஒன்று நகர மறுத்துப் படுத்திருக்க, இவ்விரண்டு அளவைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உணரும் வேகம் எந்தக் காருக்கும் வாய்க்காது. ஆயினும் விதி விதியே.

“அஃதேல் புதுக் காராகவே கொண்டுவருக” என்பார் உளர். இங்கேதான் இயலின் ஆழமான இடம் வருகிறது. புதுக்கார் என்பது எந்த நாட்டிலும் பதிவாகாதது, விற்கப்படாதது, வாடகைக்குப் போகாதது என்று வரையறுத்திருக்கிறார்கள். அங்கே ஆசையாக ஒருநாள் பதிவு செய்து ஊர் சுற்றிவிட்டால், சீட்டில் பாலிதீன் உறை கழற்றப்படாமல் இருந்தாலும், அது பழையது. அங்கே பதிவு செய்யாவிட்டால் ஓட்ட முடியாது. பதிவு செய்தால் இங்கே பழைய காருக்குரிய விதியெல்லாம் வந்து சேரும். இத்தகைய முட்டுச்சந்தை நன்னூலார்கூடக் கற்பனை செய்ததில்லை.

பழைய கார் எனத் தீர்ந்தபின் துறைமுகம். கூமாப்பட்டிக்குக் கிட்டத்துக் கடல் தூத்துக்குடி. ஆனால் பழைய காரை மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறக்கலாம் என்று விதித்திருக்கிறார்கள். இறங்கியதும் வெளியே விடமாட்டார்கள். புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சிக் கழகமோ, முன்னர் அகமதுநகர் எனப்பட்ட ஊரில் உள்ள ராணுவ வாகன ஆய்வு நிறுவனமோ பரிசோதித்துச் சான்று தரவேண்டும். அந்தப் பட்டியலில் மூன்றாவதாக மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையமும் உண்டு. டிராக்டர்களைச் சோதிக்கும் இடம் அது. கூமாப்பட்டியார்க்குப் பிடித்தமான முடிவு இதுதான்: எந்தச் சீமைக் காரானாலும் ஒரு கட்டத்தில் டிராக்டரோடு வரிசையில் நின்றே ஆகவேண்டும்.

துறைமுகத்தில் கார் நிற்கும் காலத்தைத் திணை வகுத்துக் கூறுவாம். முதற்பொருள்: நிலம், துறைமுகக் கிடங்கு, பொழுது, டெமரேஜ் ஓடும் பொழுது. கருப்பொருள்: தெய்வம், சுங்கக் கமிஷனர், மாந்தர், கிளியரிங் ஏஜென்ட்டும் அவர் அனுப்பும் பையனும், பறை, ஜெராக்ஸ் மெஷின், உணவு, ஆறிய டீ. உரிப்பொருள், இருத்தலும் இருத்தல் நிமித்தமும். இதனால் இது முல்லையாயிற்று. ஏஜென்ட்டின் போன் ‘ஸ்விட்ச் ஆஃப்’ ஆனபின் பாலையாகத் திரியும் என்பாருமுளர்.

இத்துறையில் இடரே இல்லாமல் வென்றவர் என்று வரலாற்றில் ஒருவரையே சுட்டமுடிகிறது. சென்னை மாகாணத்தின் எம்.சி. 1 என்ற முதல் எண் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியது. அவர் யாரெனின், சென்னைத் துறைமுகத்தின் தலைவர். கப்பல் நிற்கும் இடத்துக்கும் நம்பர் பிளேட்டுக்கும் இடையிலான தொலைவைத் தம் ஓராளுக்குள்ளேயே அடக்கியவர். நமக்கு அந்த வசதி இல்லை.

இனி வரி. பழைய காருக்கு நெடுங்காலம் சுங்கவரி 125 விழுக்காடாக இருந்தது. 20 லட்ச ரூபாய்க் கார் கரையேறும்போதே 45 லட்சம் ஆகிவிடும். அதன்மேல் ஜி.எஸ்.டி. அதன்மேல், தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 விழுக்காடு ஆயுள்வரி. “ஆயுள்வரின்னா யாரு ஆயுளுக்கு?” என்று டீக்கடைப் பெரியவர் கேட்ட வினா இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.

இவையன்றி நுழைவு வரி என்று ஒன்று இருந்தது; 2017-இல் ஜி.எஸ்.டி.க்குள் கரைந்தது. அதைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த வாதம் எந்தத் தத்துவ விசாரத்துக்கும் குறைந்ததன்று. 1990-இல் வந்த மாநிலச் சட்டம், உள்ளூர்ப் பகுதிக்குள் நுழையும் மோட்டார் வாகனத்துக்கு வரி என்றது. நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு ரோல்ஸ் ராய்ஸை இறக்கினார். வரி கேட்டார்கள், வழக்காயிற்று. பக்கத்து மாநிலத்தில் மலிவாக வாங்கி ஓட்டிவருவோர்க்கு வகுத்த சட்டம், சுங்கவரி கட்டிக் கடல் கடந்து வந்த காருக்கும் பொருந்துமா என்பதே அக்காலத்தில் வெளிநாட்டுக் கார் வைத்திருந்தோர் எழுப்பிய கேள்வி. எங்கிருந்து வந்தாலும் வந்தது வந்ததுதான் என்பது அரசுத் தரப்பு. உச்சநீதிமன்றம் 2017-இல், கேரளத்து வழக்கொன்றில், அரசுகளின் பக்கம் தீர்த்தது.

2021 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி விஜயின் மனுவைத் தள்ளி, கடுஞ்சொற்களோடு 1 லட்சம் அபராதமும் விதித்தார். 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வு அச்சொற்களை நீக்கியது. 2015-இல் இப்படியே வழக்குப் போட்ட தனுஷிடம், 2021 ஆகஸ்டில், பால்காரர்கூடப் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறாரே என்று நீதிமன்றம் கேட்டது. பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இக்கேள்வியின் கனத்தை எல்லாரும் அறிவர். கேனைக் கட்டிய டிவிஎஸ் 50 தினமும் பங்கில் நிற்கிறது. எம் துணிபு இது: கடலைத் தாண்ட விஜயின் காருக்கு வாரங்கள் போதும். அது சென்னைக்குள் ‘நுழைந்ததா’ என்று தீர்க்க 9 ஆண்டு ஆயிற்று.

குறுக்குவழி உண்டா எனின், முயன்றோர் உளர். 2025 செப்டம்பரில் கொச்சிச் சுங்கத்துறை, பூடானிலிருந்து முறைகேடாக வந்ததாகச் சொல்லப்பட்ட கார்களைத் தேடிக் கேரளம் முழுக்கச் சோதனையிட்டது. நடிகர்கள் வீடும் தப்பவில்லை. அச்சோதனைக்கு ‘நும்கோர்’ என்று பெயர். பூடான் மொழியில் வண்டி. கூமாப்பட்டியின் மேற்கு மலைக்கு அந்தப்புறமும் கேரளமே. ஆயினும் அம்மலையில் யானைத்தடம் உண்டேயன்றிக் கார்த்தடம் இல்லை. ஆகவே இக்கிளை ஆய்வு இங்கு நின்றது.

ஈழத்தார் நிலை இதனினும் கடிது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025-இல்தான் கதவு திறந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய மொறிஸ் மைனர்கள் அவ்வாண்டுகளிலும் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

எல்லாம் கடந்து கார் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அடைந்தது என்க. படிவம் 20, கடை ரசீதுக்குப் பதில் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி, இன்சூரன்ஸ். பிறகு சேஸிஸ் எண். பானெட்டைத் தூக்கி, துணியால் துடைத்து, மெல்லிய தாளை உலோகத்தின்மேல் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மேலும் கீழும் தேய்ப்பார்கள். கரி படியாத வெள்ளைக் கோடுகளாக எண்கள் ஒவ்வொன்றாக எழுந்துவரும். ஓர் எழுத்து மங்கினால் மறுபடி தாள், மறுபடி பென்சில். எத்தனை கோடி ரூபாய்க் காரும் இரண்டு ரூபாய்ப் பென்சிலுக்கு முன் அசையாமல் நிற்கும் காட்சி அது. அதன்பின் TN 84 என்று தொடங்கும் எண்ணொன்று கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று வடம் பிடித்து ஓடும் ஆண்டாள் தேருக்கு மட்டும் எவ்வெண்ணும் தேவைப்பட்டதில்லை; எண் கேட்டு நிறுத்தும் துணிவுடைய இன்ஸ்பெக்டர் இன்னும் பிறக்கவில்லை.

இத்தனையும் கேட்டிருந்த வளைகுடா இளைஞர், “லண்டன்ல இருக்க சித்தப்பா கார்னேன்னு ஏதோ ஒரு புத்தகம் பத்திச் சொன்னாரே” என்றார். உண்மை. கார்னே என்பது காருக்கான பாஸ்போர்ட் போன்றது. அங்கே ஜாமீன் தொகை கட்டி அதைப் பெற்றால், சுற்றுலா வருபவர் தம் வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடே இங்கே ஓட்டலாம். சுங்கவரி இல்லை, படிவம் 20 இல்லை, பென்சில் இல்லை. 6 மாதத்துக்குள் திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும். இங்கே விற்கவோ வாடகைக்கோ இரவலுக்கோ கொடுக்கவோ கூடாது.

பெரியவர் முகம் மலர்ந்தது. “அப்ப சித்தப்பனை வரச் சொல்லு. நம்ம பய ஓட்டலாம்ல?”

“கூடாது பெரியப்பா.”

“நானு?”

“பின்சீட்டுல உக்காரலாம்.”