தனிக்குடித்தனம் போற டெஸ்க்டாப்பு

ஏலே பேராண்டி, க்னோமை விட்டுட்டுத் தனிக்குடித்தனம் போறியாமே? சோர்ஸை இறக்கி, நீயே கம்பைல் பண்ணி, உனக்குன்னு ஒரு டெஸ்க்டாப் கட்டப் போறேன்னு உன் அம்மை சொன்னா. அவ மூஞ்சி போன போக்கப் பாத்து நீ எங்கயோ கடன் வாங்கிட்டியோன்னு பயந்துட்டேன். கடன்னா என்னைக்காவது ஒரு நாள் அடைஞ்சிரும். இது அப்படி இல்ல.

தாராளமாப் போ ராசா, நான் தடுக்கல. வயசுப் பய வேற எதுல விழுந்தாலும் ஊரு பேசும். இதுல விழுந்தா எவனுக்கும் ஒண்ணும் புரியாது, அதனால எவனும் பேச மாட்டான். அந்த மட்டுக்கும் குடும்ப மானம் தப்பிச்சுது. கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கியா? போன லீவுக்கு நீ விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்பு மேல நான் வெத்தலப் பெட்டியவா வச்சிருக்கேன்?

உன் குறை என்ன? க்னோம் மெமரியைத் தின்னுது, அதானே. அதோட பங்காளி வீடு கேடிஈ பொறந்தது 1996ல, க்னோம் 1997ல. இத்தனை வருஷத்துல ரெண்டு வீட்டுலயும் ஆளு சேந்து சேந்து கூட்டம் பெருத்துப் போச்சு, வாஸ்தவந்தான். நீ, ஓடுத புரோகிராமையெல்லாம் பட்டியல் போடுத எச்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, 'இவன் யாரு, அவன் யாரு, இத்தனை பேரு எதுக்குச் சும்மா உக்காந்து திங்கான்'னு கேக்குத. கூட்டுக்குடும்பத்துக்குள்ள காலெடுத்து வச்ச புது மருமவ கேக்குத அதே கேள்வி. யாரு என்ன வேலை பாத்தாங்கன்னு தனியாப் போன மறுநாள் காலையிலதான் தெரியும்.

நீ பாத்து வச்சிருக்க இடம் டிடபிள்யூஎம்ங்கற விண்டோ மேனேஜர். நல்ல இடந்தான், குத்தம் சொல்ல மாட்டேன். 2006ல அன்செல்ம் கார்பே ஆரம்பிச்சது. மொத்த சோர்ஸும் 2000 வரியைத் தாண்டப்படாதுன்னு ஒரு வைராக்கியம். ஓடும்போது படிக்குத கான்ஃபிக் ஃபைலே கிடையாது. நிறம் மாத்தணுமா, ஃபான்ட் மாத்தணுமா, சி மொழியில இருக்குத ஃபைலைத் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணு. புதுசா வாரவன் வந்து அசட்டுக் கேள்வி கேக்கப்படாதுன்னுதான் இப்படி வச்சிருக்கோம்னு அவங்களே பட்டவர்த்தனமாச் சொல்லிருக்காங்க. இவ்வளவு நேர்மையா விருந்தாளியை விரட்டுத வீட்டை நான் பாத்ததில்ல. நீ அங்கதான் போவேன்னு நிக்க.

கம்பைல் பண்ணுதது பெரிய வித்தைன்னு உன் சேக்காளிகிட்ட சொல்லிக்கோ, எங்கிட்ட சொல்லாத. நான் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கதுக்குள்ள டிடபிள்யூஎம் கம்பைல் ஆயிரும். ஆனா அதுக்கு முன்னால ஒரு சடங்கு உண்டு. நீ மேக்னு அடிப்ப. எக்ஸ்லிப்.எச்சைக் காணோம்னு கத்தும். 'எக்ஸ்தான் கண்ணு முன்னால ஓடுதே, எப்படிக் காணாமப் போவும்?'னு நீ எகிறுவ. ஓட்டுததுக்கு வேண்டிய லைப்ரரி வேற, கட்டுததுக்கு வேண்டிய ஹெடர் ஃபைலு வேற, ராசா. டெபியன்லயும் உபுண்டுலயும் அது வாலுல 'டெவ்'னு போட்ட தனிப் பேக்கேஜ். லிப்எக்ஸ்11-டெவ், லிப்எக்ஸ்எஃப்டி-டெவ், லிப்எக்ஸினெராமா-டெவ், கூட பில்ட்-எசென்ஷியல். நாலையும் முதல்லயே போட்டா சண்டையே இல்ல. ஆனா சண்டை போடாம ரீட்மீயைத் திறக்குதவன் எவன் இருக்கான்?

அடுத்த கூத்து இன்னும் நல்லாருக்கும். முதத் தடவை மேக் அடிக்கும்போது அது கான்ஃபிக்.டெஃப்.எச்சைப் பாத்து கான்ஃபிக்.எச்சுன்னு ஒரு நகல் எடுத்துக்கும். அதுக்கப்புறம் நகலைத்தான் படிக்கும். நீ மூலத்துல போயி நிறத்தை மாத்தி மாத்தி மேக் அடிப்ப. திரையில பழைய நிறமே நிக்கும். கடைசில கம்பைலருல கோளாறுன்னு முடிவு கட்டுவ. 1987லேருந்து உலகத்துக்கே சி கம்பைல் பண்ணிக் குடுக்குத ஜிசிசிக்கு உன் ஒருத்தன் நிறம் மட்டும் கண்ணுல படல பாரு!

ஒருவழியா ஸ்டார்ட்எக்ஸ் அடிச்சு உள்ள போற. மேல ஒரு பட்டை, கீழ சுத்தம். ஐகான் இல்ல, ரைட் கிளிக் பண்ணினா மெனு இல்ல. ஆல்ட், ஷிஃப்ட், என்டர் மூணையும் சேத்து அமுக்கினா டெர்மினல் வரணும். வராது, ஏன்னா அது கூப்பிடுதது எஸ்டிங்கற டெர்மினலை. அதை நீ கட்டவே இல்லியே. ஆல்ட்டும் பியும் அமுக்கினா புரோகிராம் திறக்குத டிமெனு வரணும். அதுவும் தனி சோர்ஸ், தனி மேக். இது ரெண்டும் இல்லாம உள்ள போனவனுக்கு உருப்படியா நடக்குத வேலை ஒண்ணே ஒண்ணுதான்: ஆல்ட், ஷிஃப்ட், க்யூ. வெளிய வாரது. அதையும் மறந்துராத. பின்னால ஒரு நாள் விண்டோவை மூட சியை அமுக்கப் போயி க்யூவை அமுக்கினேன்னு வையி, 'நெசமாத்தானா?'ன்னு ஒரு வார்த்தை கேக்காம மொத்தத்தையும் சாத்திரும்.

இனிமேத்தான் குடித்தனமே. பட்டையில மணி தெரியணும்னா எக்ஸ்செட்ரூட்டை வச்சு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட விடணும். பின்னால படம் வைக்க ஃபே. நோட்டிஃபிகேஷன் காட்ட டன்ஸ்ட். நிழலடிக்க பிகாம். பூட்ட எஸ்லாக். பென் டிரைவைச் செருகினா தானா ஏறாது. சவுண்டு கீயை அமுக்கினா சவுண்டு ஏறாது, அந்தக் கீக்கு இன்ன கமாண்டுன்னு எழுதி இன்னொரு கம்பைல். இத்தனை பேரையும் காலையில எழுப்பிவிட எக்ஸ்இனிட்ஆர்சின்னு ஒரு ஃபைல். அதுல ஒரு வரிக்கு வாலுல ஆம்பர்சண்டு போட மறந்தா, அந்த ஆளு வேலை முடிச்சு வரட்டும்னு அங்கனயே காத்துக் கிடக்கும். கடைசி வரி டிடபிள்யூஎம்முக்கு முறையே வராது. பேட்டரி தீரப் போவுதுன்னு முன்னெல்லாம் ஒருத்தன் வந்து சொல்லுவான்ல, அவனும் நீ சும்மா திங்கான்னு தள்ளி வச்ச ஆளுதான். இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க. நேரா இருட்டிரும்.

தமிழ்ப் பாட்டு ஒண்ணைப் போட்டுப் பாரு. விண்டோ தலைப்புல எழுத்து பிய்ஞ்சு தொங்கும். முன்னால நிக்க வேண்டிய கொம்பு பின்னால போயி நிக்கும். டிடபிள்யூஎம்மும் எஸ்டியும் எக்ஸ்எஃப்டியை வச்சு ஒவ்வொரு குறியையும் தனித்தனியா வரையுது. நம்ம எழுத்தைக் கோத்து வாங்குத வேலை ஹார்ஃப்பஸ், பாங்கோ மாதிரி லைப்ரரிகளோடது. அதுகளைத்தான் 'கனமா இருக்கு'ன்னு நீ வெளிய நிறுத்திட்ட. ஓப்பன்பாக்ஸுங்கற விண்டோ மேனேஜர், ரோஃபிங்கற மெனு, டன்ஸ்ட் எல்லாம் பாங்கோவை வச்சிருக்கதால அங்க தமிழ் ஒழுங்கா நிக்கும். தமிழ்99ல தட்டச்சு பண்ண ஐபஸ்ஸையும் நீதான் எழுப்பணும், அது இன்ன இடத்துல இருக்குன்னு ஜிடிகேக்கும் க்யூட்டிக்கும் நீதான் சொல்லணும். லேசுங்கதெல்லாம் இங்கிலீஷ் எழுதுதவனுக்குத்தாம்ல லேசு.

ஜாவாவுல எழுதின புரோகிராம் எதையாவது திறந்தா சாம்பல் நிறத்துல ஒரு பெட்டி வந்து மொட்டையா நிக்கலாம். ஜாவா தனக்குள்ள ஒரு பட்டியல் வச்சிருக்கு. அதுல பேரு இல்லாத விண்டோ மேனேஜர்கிட்ட அதுக்கு எப்படி நடந்துக்கணும்னு தெரியாது. அதுக்கு ஊர்ல சொல்லுத வைத்தியம் என்ன தெரியுமா? டபிள்யூஎம்நேம்னு ஒரு குட்டி புரோகிராம் போட்டு, 'எம் பேரு எல்ஜி3டி'ன்னு பொய் சொல்லணும். சன் கம்பெனிக்காரன் எப்பவோ சோதனைக்குக் கட்டிக் கைவிட்ட முப்பரிமாண டெஸ்க்டாப்போட பேரு அது. தனி வீடு கட்டினவன் செத்த வீட்டுக்காரன் பேரைச் சொல்லிப் பொழைக்கணுமாம். சுதந்திரம்னா இதான் சுதந்திரம்!

போவப்போவ அது இல்ல, இது இல்லன்னு பேட்ச் தேடுவ. முதப் பேட்ச் சத்தமில்லாம ஏறும். மூணாவது ஏறும்போது '.ரெஜ்'னு ஒரு ஃபைலைத் துப்பும். ரெண்டு பேரு ஒரே வரியத் திருத்திருக்காங்க, நீ வந்து தீத்து வையின்னு அர்த்தம். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாத. இதுக்கு நடுவுல சிஸ்டத்தை அப்டேட் பண்ணுவ. ஏபிடி தான் போட்ட பேக்கேஜை மட்டுந்தான் புதுப்பிக்கும். யூஎஸ்ஆர் லோக்கலுக்குள்ள நீ கட்டி வச்சது அதுக்குக் கண்ணுலயே படாது. பாதுகாப்பு ஓட்டை வந்தா அடைக்கவும் நீ, பழசாப் போச்சுன்னு கவலைப்படவும் நீ.

இவ்வளவும் பண்ணி நூறு, இருநூறுன்னு எம்பி எம்பியா மிச்சம் பிடிச்சுட்டு என்ன செய்யப் போற? பிரௌசரைத் திறப்ப. அது ஒரே வாயில ஜிபிக் கணக்குல முழுங்கிட்டு உன்னைப் பாத்துச் சிரிக்கும்.

சரி, சிரிச்சது போதும், நெசமாச் சொல்லுதேன் கேளு. கனம் எங்கயும் போயிரல பேராண்டி. மெஷினு தலையிலேருந்து இறங்கி உன் தலையில ஏறிருக்கு, அவ்வளவுதான். சுமக்க ஆசை இருந்தா அது நல்ல சுமை. எந்தக் கீ எங்க போவுது, எந்த ஆளு என்ன வேலை பாக்கான்னு கைவிரல்ல வந்துரும். க்னோமுல வாழ்நாள் பூரா இருந்தாலும் அது வராது. அதனால போ, ஆனா பாலத்தைக் கொளுத்திட்டுப் போவாத. க்னோம் அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும். ஸெஃபிர்னு ஒண்ணு இருக்கு, ஒரு விண்டோவுக்குள்ளயே இன்னொரு எக்ஸைத் திறந்து காட்டும். அதுல கட்டிப் பழகு. பண்ணுத ஒவ்வொரு மாத்தத்தையும் ஜிட்ல போடு. சோர்ஸ் ஃபோல்டரை அழிச்சிராத, நாளைக்கு மேக் அன்இன்ஸ்டால் அடிக்கணும்னா அது வேணும். மெனுவும் மவுஸும் இல்லாம முடியாதுன்னா ஓப்பன்பாக்ஸ் போதும், வெக்கப்படாத. இன்னொண்ணு, எக்ஸ்11ங்கது 1987ல போட்ட அஸ்திவாரம். பெரிய வீட்டுக்காரங்க எல்லாம் வேலண்டுக்குக் குடி மாறிக்கிட்டிருக்காங்க. நீயும் மாற நெனைச்சா டிடபிள்யூஎல்னு அதே சாதியில ஒண்ணு அங்கயும் இருக்கு.

கட்டி முடிச்சதும் கை அரிக்கும், அடுத்தவன் லேப்டாப்பைத் தேடும். உன் அம்மை லேப்டாப்பு மேல மட்டும் கைய வச்சிராத. அவளுக்கு வேண்டியது மூணு ஐகான்: கரண்டு பில்லு, பாட்டு, உன் தங்கச்சி முகத்தைப் பாத்துப் பேசுதது. அதுல ஒண்ணு காணாமப் போனாலும் ஆல்ட், ஷிஃப்ட், க்யூ எல்லாம் அமுக்க மாட்டா. உன் சாப்பாட்டுத் தட்டை எடுத்து உள்ள வச்சிருவா. அதுக்கு எந்த சோர்ஸ்லயும் பேட்ச் கிடையாது.